முன்னால் நிற்கும் சைபர்

சோமனூர் பக்கம் ஒரு தறிக்குடோன் என்று வைத்துக்கொள்வோம். பழைய நாடாத் தறிகளைக் கழித்துவிட்டு 24 ரேபியர் தறிகளை இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தறியின் பேனலிலிருந்தும் ஒரு நெட்வொர்க் கேபிள் கிளம்பி ஆபீஸ் அறைக்குப் போகிறது. எத்தனை பிக் ஓடியது, பாவு அறுந்து எவ்வளவு நேரம் நின்றது, ஊடை எத்தனை முறை அறுந்தது என்பதெல்லாம் அங்கே கணினியில் தெரியும். தறிக்கு ஓர் ஐபி முகவரி: முதல் தறி 192.168.1.1, கடைசித் தறி 192.168.1.24. கணக்கு எழுதுபவருக்கு எதையும் மூன்று இலக்கத்தில் எழுதித்தான் பழக்கம். பீம் நம்பர் 007 என்றால் 007தான். வெறும் 7 என்று எழுதினால் நோட்டில் வரிசை கோணிக்கொள்ளும். அதே கையோடு முகவரிகளையும் 192.168.1.001 முதல் 192.168.1.024 வரை நேர்கோட்டில் எழுதிவைக்கிறார். நோட்டைப் பார்த்து அதை அப்படியே லினக்ஸ் கணினியில் தட்டிவிடுகிறார்கள்.

முதல் ஏழு தறிகள் ஒழுங்காகப் பதில் சொல்லும். 008, 009 இரண்டையும் அப்படி முகவரியே கிடையாது என்று கணினி தள்ளிவிடும். 010 என்று தட்டினால் எட்டாம் தறி பேசும். 011-க்கு ஒன்பதாம் தறி, 017-க்குப் பதினைந்தாம் தறி. 018, 019 மறுபடியும் கிடையாது. 020-க்குப் பதினாறு, 024-க்கு இருபது. கடைசி நான்கு தறிகள் குடோனில் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். கணினியைப் பொறுத்தவரை அவை இல்லவே இல்லை. பத்தாம் தறியில் ஊடை அறுந்தால் பன்னிரண்டாம் தறி நின்றதாகத் திரை காட்டும். ஃபிட்டர் ஓடிப்போய்ப் பார்த்தால் அது ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்.

தறியிலோ கேபிளிலோ பழுது எதுவும் இல்லை. நோட்டில் எழுத்தாக இருந்ததைக் கணினி எண்ணாக வாசித்த இடத்தில் நடந்த கூத்து இது. அந்த வாசிப்பைச் செய்வது சி மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல்துண்டு. நான்கு எண்கள், நடுவில் மூன்று புள்ளிகள். இதை வாசிக்க என்ன பெரிய சாமர்த்தியம் வேண்டும் என்று தோன்றும். அந்த எளிய வேலையைச் சரியாகச் செய்ய நிரலாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. முழுதாக முடிந்துவிட்டது என்று இன்றும் சொல்ல முடியாது.

192.168.1.10 என்று புள்ளி வைத்து எழுதுவது மனிதக் கண்ணுக்காக. கம்பியில் போகும் தரவுப் பொட்டலத்துக்குப் புள்ளி தெரியாது. 1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 791 என்ற ஆவணம் வகுத்தபடி, ஐபி பொட்டலத்தின் தலைப்பகுதி குறைந்தது 20 பைட். அதில் 13 முதல் 16 வரையுள்ள பைட்டுகள் அனுப்பியவர் முகவரி, 17 முதல் 20 வரை சேர வேண்டியவர் முகவரி. தலா 4 பைட், அதாவது 32 பிட். சைபரும் ஒன்றுமாக நிரப்ப வேண்டிய 32 கட்டங்கள், அவ்வளவுதான். அதனால்தான் மொத்த முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சத்தோடு நின்றுபோயின.

நாம் தட்டிய எழுத்துச்சரமோ வேறு ஜாதி. 192.168.1.10 என்பதில் 12 குறிகள் இருக்கின்றன; சி மொழி சரத்தின் முடிவைக் காட்ட ஒரு வெற்று பைட்டைச் சேர்த்துக்கொள்வதால் 13 பைட். அதில் முதலில் இருப்பது 1 என்ற எண் அல்ல, ‘1’ என்ற எழுத்து. கணினியின் எழுத்து அட்டவணையில் அதற்கு 49 என்று நம்பர். ‘0’ எழுத்துக்கு 48, ‘9’ எழுத்துக்கு 57, புள்ளிக்கு 46. இந்த 13 பைட்டை 4 பைட்டாகச் சுருக்கி உரிய கட்டத்தில் வைப்பதுதான் வேலை.

செய்முறை கையால் போட்டுப் பார்க்கக் கூடியது. ஒரு பைட்டில் சைபரை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ‘1’ வருகிறது, 49-இலிருந்து 48-ஐக் கழித்தால் 1. கையில் இருப்பதைப் பத்தால் பெருக்கி இதைக் கூட்டு: 1. அடுத்து ‘9’, 57-இல் 48 போனால் 9. பழையதைப் பத்தால் பெருக்கிக் கூட்டினால் 19. அடுத்து ‘2’, 192. பிறகு 46 வருகிறது, புள்ளி. இந்தப் பைட் முடிந்தது, அடுத்ததுக்குப் போ. இப்படியே நான்கும் முடிந்தால் கையில் கிடைப்பது 11000000, 10101000, 00000001, 00001010. நடுவே எங்காவது 255-ஐத் தாண்டினால் ஒரு பைட்டில் அது கொள்ளாது, நிராகரிக்க வேண்டும். இலக்கமும் புள்ளியும் அல்லாத எது வந்தாலும் நிராகரிக்க வேண்டும்.

இருமமாக மாற்றியே ஆக வேண்டுமா, எழுத்தாகவே அனுப்பினால் என்ன? கட்டம் நான்கு பைட்தான் என்பது ஒரு காரணம். வழிகாட்டும் ரவுட்டர் செய்யும் வேலை இன்னொரு காரணம். வந்த முகவரி இந்தக் குடோனுக்குள் இருப்பதா, வெளியே அனுப்ப வேண்டியதா என்று அது ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தீர்மானிக்க வேண்டும். 255.255.255.0 என்று கேமரா மாட்ட வந்தவர் அமைப்புப் பக்கத்தில் தட்டிவிட்டுப் போகிறாரே, அந்த முகமூடி இதற்காகத்தான். முகவரியின் 32 பிட்டையும் முகமூடியின் 32 பிட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் ஒன்று இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்று வைத்தால், முதல் 24 பிட் அப்படியே நிற்கும், கடைசி 8 பிட் அழிந்துவிடும். மிஞ்சுவது குடோனின் வலை எண். செயலிக்கு இது ஒரே ஒரு கட்டளை. எழுத்தில் செய்வதானால் புள்ளி தேடியே நேரம் போகும்.

இன்னொரு சிக்கல் உண்டு. நான்கு பைட்டையும் சேர்த்து ஒரே எண்ணாக வாசித்தால் 192.168.1.10 என்பது 323,22,35,786. இன்டெல் செயலி உள்ள சாதாரண மேசைக் கணினியில் அந்த நான்கு பைட்டை ஒரு முழு எண்ணாக அச்சடித்துப் பார்த்தால் 16,78,80,896 என்று வரும். நினைவகத்தில் முதலில் கிடக்கும் பைட்டைப் பெரிய இடமாகக் கொள்வதா, சிறிய இடமாகக் கொள்வதா என்பதில் செயலி செய்பவர்களுக்குள் ஒத்துமை இல்லை. கணினி விஞ்ஞானி டேனி கோஹன் 1980 ஏப்ரல் 1 அன்று இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். கலிவரின் பயணங்கள் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டை போட்டுக்கொண்ட லில்லிபுட்காரர்களை இந்தப் பிரச்சினைக்கு இழுத்து, இரு கட்சிக்கும் பெருமுனைக்காரர், சிறுமுனைக்காரர் என்று பெயர் வைத்தார். ஏப்ரல் முதல் தேதிக் கிண்டல் கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. இணையம் பெருமுனைப் பக்கம் நிற்கிறது, இன்டெல் சிறுமுனை. முகவரியை மாற்றித் தரும் சி செயற்கூறுகள் இணைய வரிசையிலேயே பைட்டை அடுக்கித் தருவதால் நிரலாளர் இதில் தலையிடாமல் இருப்பதே நல்லது. தலையிட்டு இன்னொரு முறை புரட்டிப்போட்டால் பொட்டலம் 10.1.168.192 என்ற அந்நிய முகவரியைத் தேடிக் கிளம்பும்.

இனி அந்த முன்சைபர் விவகாரம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983-இல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பு 4.2 பிஎஸ்டி. இணையத்தோடு பேசும் சாக்கெட் முறை அதில்தான் பரவலாகக் கிடைத்தது. எழுத்து முகவரியை இருமமாக்க அதில் ஒரு செயற்கூறு இருந்தது. நிரலாளர்கள் வாயில் அது ‘ஐநெட் அட்ர்’. அதை எழுதியவர்கள் சி மொழி உலகத்தில் மூழ்கியவர்கள். சி மொழியில் ஒரு எண் சைபரில் தொடங்கினால் அது எட்டடிமான எண்; சைபரும் எக்ஸும் சேர்ந்து தொடங்கினால் பதினாறடிமான எண். முகவரிக்கும் அதே மரபைப் பொருத்திவிட்டார்கள். எட்டடிமானத்தில் 010 என்றால் எட்டு. 8, 9 என்ற இலக்கங்களே அதில் கிடையாது. 008-ஐயும் 019-ஐயும் கணினி ஏற்க மறுத்தது அதனால்தான். 024 என்றால் இரண்டு எட்டும் நாலும், ஆக இருபது. நோட்டில் வரிசைக்காகப் போட்ட சைபரைக் கணினி கட்டளையாக எடுத்துக்கொண்டது.

தாராளம் அதோடு நிற்கவில்லை. நான்கு பகுதி எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 127.1 என்று எழுதினால் 127.0.0.1 என்று எடுத்துக்கொள்ளும். 192.168.266 என்றால், கடைசிப் பகுதி இரண்டு பைட்டுக்கு உரியது என்று கருதி, 266-ஐ 256-ஆகவும் 10-ஆகவும் பிரித்து 192.168.1.10 ஆக்கிவிடும். புள்ளியே இல்லாமல் 2130706433 என்று ஒரே எண்ணாக எழுதினாலும் 127.0.0.1. இது அந்தக் காலத்தில் பைத்தியக்காரத்தனமாக இருக்கவில்லை. முகவரிகள் அப்போது வகுப்புகளாகப் பிரிந்திருந்தன; இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் வலை எண் 10. வலை எண்ணை முதல் பைட்டில் சொல்லிவிட்டு, மீதி 24 பிட்டை ஒரே எண்ணாக எழுதுவது இயல்பான சுருக்கம். வகுப்பு முறை ஒழிந்த பிறகும் சுருக்கெழுத்து மட்டும் நிரலுக்குள் தங்கிவிட்டது. உலாவியின் முகவரிப் பட்டியில் http://2130706433 என்று தட்டிப் பாருங்கள். உலாவி அதை உங்கள் சொந்தக் கணினிக்கான முகவரியாகவே புரிந்துகொள்ளும். மோசடி இணைப்பு அனுப்புகிறவர்களுக்கு இந்த வித்தை நன்றாகவே தெரியும்.

ஐநெட் அட்ர் செயற்கூறின் மிக மோசமான குறை வேறு. எழுத்து சரியில்லை என்றால் அது எப்படிச் சொல்லும்? மைனஸ் ஒன்றைத் திருப்பித் தரும். 32 பிட்டில் மைனஸ் ஒன்று என்றால் எல்லாக் கட்டத்திலும் ஒன்று. அதை முகவரியாக வாசித்தால் 255.255.255.255. அது உண்மையான, தினமும் பயன்படுகிற முகவரி. வலையில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி கூவுவதற்கானது. புதிதாகச் சொருகிய கணினி தனக்கு ஒரு முகவரி கொடுக்கச் சொல்லி முதலில் அதில்தான் கூவுகிறது. ஆக அந்த முகவரியை யாராவது சரியாகவே தட்டினாலும் செயற்கூறு தரும் விடை, பிழை என்பதற்கான விடையேதான். பிறகு வந்த ‘ஐநெட் ஏ-டு-என்’ இதைத் திருத்தியது. வெற்றியா தோல்வியா என்பதைத் திருப்பித் தரும் மதிப்பில் சொல்லி, முகவரியைத் தனியே ஒரு நினைவிடத்தில் எழுதிவைத்தது. எட்டடிமானமும் 127.1-உம் அதிலும் அப்படியே தொடர்ந்தன.

மாற்றம் வந்தது முகவரி தீர்ந்துபோகும் என்ற பயத்தால். 128 பிட் நீளமுள்ள புதிய முகவரி முறை, ஐபி பதிப்பு 6, 1995 டிசம்பரில் முதல் வடிவம் பெற்றது. பழைய செயற்கூறுகளுக்கு 32 பிட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. 1996-இல் பால் விக்ஸி புதியதொன்றை எழுதினார். இன்றும் பல நூலகங்களில் அந்தக் கோப்பில் அவர் பெயரும் அந்த ஆண்டும் இருக்கின்றன. அதன் பெயர் ‘ஐநெட் பி-டு-என்’. கண்ணுக்குக் காட்டும் வடிவிலிருந்து வலையில் போகும் வடிவுக்கு என்று பொருள். 1997 ஏப்ரலில் ஆர்எஃப்சி 2133 அதைத் தன் பரிந்துரையில் சேர்த்தது, பிறகு போசிக்ஸ் தரத்திலும் இடம் பிடித்தது. மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸில் அதைச் சேர்க்க விஸ்டா வரைக்கும் காத்திருந்தது.

புதியவர் கறாரானவர். எந்தக் குடும்பத்து முகவரி என்று முதலில் சொல்ல வேண்டும்: பதிப்பு 4-ஆ, 6-ஆ. பதிப்பு 4 என்றால் நான்கு பகுதி, மூன்று புள்ளி, பத்தடிமானம் மட்டும். 127.1 செல்லாது. சைபரும் எக்ஸும் செல்லாது. லினக்ஸ் கணினிகளின் பொது சி நூலகமான க்ளிப்சியில், கையில் ஏற்கெனவே ஒரு சைபர் இருந்து அதன் பின்னால் இன்னொரு இலக்கம் வந்தால் அந்த இடத்திலேயே மறுத்துவிடும். 192.168.1.010-ஐ எட்டு என்றும் எடுத்துக்கொள்ளாது, பத்து என்றும் எடுத்துக்கொள்ளாது. நம் கணக்கு எழுதுபவரின் நோட்டில் உள்ள 24 வரியையும் அது திருப்பி அனுப்பியிருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் ஃபிட்டர் தப்புத் தறிக்கு ஓடியிருக்க மாட்டார்.

பதிப்பு 6-ஐ வாசிப்பது இன்னும் ரசமான வேலை. எடுத்துக்காட்டுக்கு எழுத்து கலக்காத ஒன்று: 2001:4860:4860::8888. கூகுள் நடத்தும் பொதுப் பெயர்த்தேடல் சேவையின் முகவரி இது. ஒவ்வொரு பகுதியும் பதினாறடிமானத்தில் இரண்டு பைட். முழுதாக எழுதினால் எட்டுப் பகுதி வர வேண்டும். இங்கே இருப்பதோ நான்கு. நடுவே உள்ள இரட்டைக் குறி, அதாவது அடுத்தடுத்து இரண்டு முக்காற்புள்ளி, இடையில் விடுபட்டதெல்லாம் சைபர் என்கிறது. எத்தனை சைபர் என்று அது சொல்வதில்லை. நிரலும் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை. இரட்டைக் குறி வந்த இடத்தை ஓரத்தில் குறித்துவைத்துக்கொண்டு மேலே வாசித்துக்கொண்டே போகிறது. சரம் முடிந்ததும் 16 பைட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்து, குறித்த இடத்துக்குப் பின்னால் வந்ததையெல்லாம் கடைசி வரைக்கும் தள்ளி, நடுவில் விழுந்த இடைவெளியைச் சைபரால் நிரப்புகிறது. நம் முகவரியில் 32, 1, 72, 96, 72, 96 என்று ஆறு பைட், பிறகு எட்டுச் சைபர், கடைசியில் 136, 136. இரட்டைக் குறி இரண்டாம் முறை வந்தால் எந்த இடைவெளிக்கு எத்தனை சைபர் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே மறுப்பு.

இந்தப் புதிய முகவரி எங்கோ இருக்கும் ஊரின் கதையல்ல. உலகத்துக்கான மையக் கையிருப்பில் பழைய முகவரிகள் 2011 பிப்ரவரியில் முடிந்தன. ஆசிய-பசிபிக் பகுதிக்கானவை அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்து நின்றன. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை அதற்கு முன்பே, 2010 ஜூலையில், பதிப்பு 6-க்கு மாறும் தேசியத் திட்டத்தை வெளியிட்டிருந்தது. திட்டத்தைவிட அதிகம் சாதித்தது வணிகம். 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, கோடிக்கணக்கான செல்பேசிகளுக்குப் புதிய முகவரியையே கொடுத்தது. சோமனூர் பஸ் ஸ்டாண்டில் நின்று செல்லில் பாட்டு கேட்கும் ஒருவர் 128 பிட் முகவரிக்காரராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அவர் நின்ற இடத்திலிருந்து குடோன் கேமராவைப் பார்க்க ஒரு ஆப் எழுதுகிறவர் இன்னும் ஐநெட் அட்ர் செயற்கூறையே பிடித்துத் தொங்கினால் அந்த முகவரி அவருக்கு வெறும் குப்பை எழுத்து.

கறாரான செயற்கூறையும் கவனமில்லாமல் கூப்பிட்டால் கெடுதல்தான். ஐநெட் பி-டு-என் மூன்று விதமாகப் பதில் சொல்லும். சரி என்றால் 1, எழுத்து பிழை என்றால் 0, அப்படியொரு முகவரிக் குடும்பமே தெரியாது என்றால் மைனஸ் 1. சி மொழியில் பெரும்பாலான அமைப்புச் செயற்கூறுகள் தோல்விக்கு மைனஸ் 1 தருவதால், கை பழகிய நிரலாளர் சைபருக்குக் கீழே போனதா என்று மட்டும் சோதிப்பார். பிழையான எழுத்து 0 தந்து அந்தச் சல்லடையில் நழுவிவிடும். இன்னொருவர் 0 அல்லாத எல்லாம் சரி என்று எழுதுவார். மைனஸ் 1 நழுவும். பிழை நேர்ந்தால் செயற்கூறு முகவரிக் கட்டத்தைத் தொடுவதே இல்லை. அதில் முன்னால் சைபர் போட்டு வைத்திருந்தால் முகவரி 0.0.0.0. லினக்ஸில் அந்த முகவரிக்கு இணைப்புக் கேட்டால் அது தன்னோடே இணைந்துகொள்ளும். பக்கத்துத் தறியோடு பேச வேண்டிய கணினி தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கும். சரியா என்பதற்கு ஒரே சோதனை, 1 வந்ததா என்பதுதான்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நூல் வியாபாரத்தில் விடை இருக்கிறது. பருத்தியில் 40-ஆம் நம்பர் நூல் 20-ஆம் நம்பரைவிட மெல்லியது. ஒரு ராத்தல் எடைக்கு 840 கஜச் சிட்டம் எத்தனை வரும் என்பதே அந்த நம்பர். பாலியஸ்டரில் டெனியர் கணக்கு; 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது அது, எண் ஏற ஏற நூல் தடிக்கும். எண்ணை மட்டும் சீட்டில் எழுதி, எந்தக் கணக்கு என்று சொல்லாமல் விட்டால், எழுதியவரும் வாசிப்பவரும் ஆளுக்கொரு நூலை நினைத்துக்கொள்வார்கள். தனித்தனியே இருவருமே சரிதான்.

கணினிப் பாதுகாப்பில் திருடன் தேடுவது இப்படி இரண்டு வாசிப்புக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான். 2021 மார்ச்சில் ‘நெட்மாஸ்க்’ என்ற நிரல் தொகுப்பில் இப்படியொன்று வெளிச்சத்துக்கு வந்தது. லட்சக்கணக்கான மென்பொருள் திட்டங்கள் அதைச் சார்ந்திருந்தன. ஒரு முகவரி உள்வலையைச் சேர்ந்ததா, வெளியாளுடையதா என்று சொல்வது அதன் வேலை. அது முன்சைபரைப் பொருட்படுத்தாமல் தள்ளிவிடும். 0177.0.0.1 என்று கொடுத்தால் 177.0.0.1 என்று வாசித்து, வெளியாள்தான், போகலாம் என்று சொல்லும். வாயிலைத் தாண்டிய அதே சரத்தை அடுத்து வாசிக்கும் இயங்குதளம் சைபரை எட்டடிமானமாகக் கொள்ளும். எட்டடிமானத்தில் 177 என்பது 127. ஆக 127.0.0.1, சர்வரின் சொந்த உள்ளறை. காவல்காரர் ஒரு பெயரை வாசித்து உள்ளே விட்டார், உள்ளே போனது வேறு ஆள். அதே ஆண்டு பைத்தான் மொழியின் முகவரி நூலகத்திலும் இதே தாராளம் கண்டுபிடிக்கப்பட்டு, 3.9.5 பதிப்பில் முன்சைபர் உள்ள எழுத்தையே மறுக்கும்படி மாற்றினார்கள். எட்டாகவும் வேண்டாம், பத்தாகவும் வேண்டாம் என்ற விக்ஸியின் வழிக்கே அவர்களும் வந்தார்கள்.

2015 ஜனவரியில் ‘கோஸ்ட்’ என்ற பெயரோடு கிளம்பிய பேய் இதைவிடப் பழையது. பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தேடித்தரும் க்ளிப்சி செயற்கூறு, கொடுத்தது ஏற்கெனவே இலக்கமும் புள்ளியுமாக இருந்தால் தேடலைத் தவிர்த்துவிட்டு நேரே இருமமாக்கித் தரும். வேலை மிச்சம் பிடிக்கப் போட்ட அந்தக் குறுக்குவழியில், விடைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கூட்டும்போது ஓர் உருப்படியைக் கூட்டாமல் விட்டிருந்தார்கள். அளவு பார்த்துத் தயாரித்த நீளமான இலக்கச் சரத்தைக் கொடுத்தால் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நான்கு அல்லது எட்டு பைட் எழுதப்பட்டுவிடும். எட்டு பைட் என்ன செய்யும்? ஒரு மின்னஞ்சல் சர்வரையே கைப்பற்றலாம் என்று குவாலிஸ் நிறுவனத்தார் செய்துகாட்டினார்கள். 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே அந்தப் பிழை கிடந்தது. 2013-இல் யாரோ திருத்தியும் இருந்தார்கள். பாதுகாப்புச் சிக்கல் என்று அப்போது உணராததால் பல விநியோகங்களில் அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை.

ஆரம்பகால இணையத்துக்கு ஒரு தர்மம் இருந்தது. அனுப்புவதில் கண்டிப்பாக இரு, வாங்குவதில் தாராளமாக இரு என்பது ஜான் போஸ்டல் 1980-வாக்கில் ஆவணங்களில் எழுதிவைத்த நெறி. அந்த நெறி இல்லாமல் அரைகுறை நிரல்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியிருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முகவரி என்பது அடையாளம். அடையாளத்தை வாசிப்பதில் தாராளம் காட்டினால் ஒருவருக்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல ஆள் என்று ஆகிவிடும். 2013-இல் ஆர்எஃப்சி 6943 தளர்ந்த வாசிப்பு, இறுகிய வாசிப்பு என்று இரண்டையும் பிரித்துவைத்து ஆபத்தை விளக்கியது. 2023-இல் ஆர்எஃப்சி 9413 போஸ்டலின் நெறியையே மறுபரிசீலனைக்கு இழுத்தது. என் கட்சி இறுகியவர்கள் பக்கம்.

ஆனாலும் தளர்ந்த செயற்கூறைத் தூக்கிப்போட யாருக்கும் துணிவில்லை. பழைய ஐநெட் ஏ-டு-என், 127.0.0.1 என்ற சரத்துக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு என்ன குப்பையை எழுதினாலும் கண்டுகொள்ளாமல் ஏற்கும். 2019-இல் வந்த க்ளிப்சி 2.29, பெயர்த்தேடல் செயற்கூறுகளில் இந்த வழியை அடைத்தது. ஏ-டு-என் மட்டும் அப்படியே விடப்பட்டது. அந்தத் தளர்ச்சியை நம்பி ஓடும் நிரல் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று யார் கண்டது?

தமிழ் எண்களில் முகவரி எழுதினால் என்ன ஆகும் என்று ஒரு விஷமக் கேள்வி எனக்கு உண்டு. ௧௯௨ என்று எழுதினால் ஐநெட் பி-டு-என் முதல் அடியிலேயே மறுத்துவிடும். ௧ என்ற குறி கணினியில் ஒரு பைட்டில் அடங்காது. 224, 175, 167 என்று மூன்று பைட். 48-க்கும் 57-க்கும் இடையே எதுவும் இல்லை. பைத்தானின் பொது எண் மாற்றியோ யூனிகோடில் உள்ள எல்லா மொழி இலக்கங்களையும் அறியும். ௧௯௨ என்ற சரத்தைக் கொடுத்தால் 192 என்று சரியாகத் தந்துவிடும். பழைய முறைப்படி ௱௯௰௨ என்று எழுதினால் திணறிப் பிழை காட்டும். நூறும் பத்தும் தனிக் குறிகளாக வருவதை அது இலக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதே பைத்தானின் முகவரி நூலகத்தை எழுதியவர்கள் பொது மாற்றியை நம்பி நேரே ஒப்படைத்துவிடவில்லை. ஒவ்வொரு பகுதியும் பழைய எழுத்து அட்டவணைக்குள் அடங்கும் இலக்கம்தானா என்று முதலில் பார்த்து, அடங்காவிட்டால் வாசலோடு அனுப்பிவிடும் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள். தமிழ் எண்ணைக் கணினி மறுக்கும் இடங்களில், நான் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும் ஒரே இடம் அந்த வரி.